சாரணர் சட்டையில் ஓர் எந்திரச் சின்னம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒரு சாரணச் சிறுவனின் சட்டைக் கையைப் பார்த்தாலே அவனுக்கு என்னென்ன தெரியும் என்று சொல்லிவிடலாம். சமைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு சின்னம். முதலுதவி செய்யத் தெரிந்தவனுக்கு ஒரு சின்னம். கூடாரமடித்துத் தங்கத் தெரிந்தவனுக்கு இன்னொன்று. தேர்வு மதிப்பெண் காகிதத்தில் கிடக்கும். இந்தச் சின்னமோ கை செய்த வேலைக்குச் சாட்சியாகச் சட்டையில் நிற்கும். இந்த வரிசையில் 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கச் சாரணர் கழகம் ஒரு புதிய சின்னத்தைச் சேர்த்தது. ரோபோட்டிக்ஸ் எனப்படும் தானியங்கி எந்திரக் கலைக்கான திறமைச் சின்னம் அது.

அத்தகைய சின்னம் ஒன்று நம் ஊர்ப் பள்ளிகளின் சாரணர், சாரணியர் படைகளிலும் வேரூன்ற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். ஆனைமலைக் கொப்பரைக் களத்தில் தேங்காய் உரிப்பவரின் பிள்ளை காசு செலவில்லாமல் அதைப் பெற முடியுமானால் அது வரட்டும். பணம் கட்டிப் படிப்பவரின் பிள்ளை மட்டுமே பெற முடியுமானால் அது வராமலிருப்பதே நல்லது. இவ்விரண்டையும் ஒருங்கே வலியுறுத்தவே இக்கட்டுரை.

கதவு திறந்த கதை

சாரணர் இயக்கம் பிறந்தது இங்கிலாந்தில். 1907இல் பேடன் பவல் பிரௌன்சி என்னும் சிறு தீவில் சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். 1909இல் அவ்வியக்கம் பெங்களூருக்கு வந்தது. ஆனால் யாருக்காக வந்தது? ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்காக! இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அந்நிலை பொறுக்காமல் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டனர். வடக்கே மதன் மோகன் மாளவியா போன்றோர் சேவா சமிதி சாரணர் அமைப்பை வளர்த்தனர். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7ஆம் நாள் பல சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று; அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர். 2025இல் மணப்பாறையில் நடந்த வைர விழாப் பெருந்திரளணிக்கு நாடெங்கிலுமிருந்து சாரண சாரணியர் ஆயிரக்கணக்கில் வந்து கூடாரமடித்துத் தங்கினர்.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. "இது யாருக்கு?" என்ற கேள்வி இவ்வியக்கத்துக்குப் புதிதன்று. மூடிய கதவைத் தட்டித் திறந்துதான் நம் பிள்ளைகள் அதற்குள் நுழைந்தார்கள். புதிய சின்னம் வரும்போது அந்தக் கதவு மறுபடியும் சாத்தப்படக் கூடாது.

காட்டுக்கும் எந்திரத்துக்கும் பகையா?

"சாரணன் என்றால் காடு, மலை, கயிறு, முடிச்சு, அவனிடம் ஒயரையும் பாட்டரியையும் கொடுப்பதா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஏற்கெனவே பிள்ளைகள் கைபேசித் திரையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரமாவது வெட்டவெளியில் நிற்கட்டும் என்பது பெற்றோரின் ஏக்கம்.

ஆயினும் பழைய ஏட்டைப் புரட்டினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. 1911இல் அமெரிக்கச் சாரணர் கழகம் முதன்முதலாக வகுத்த திறமைச் சின்னங்கள் 57. அப்பட்டியலில் தேனீ வளர்ப்பு இருந்தது; கொல்லு வேலை இருந்தது; அவற்றோடு விமானவியலும் இருந்தது! ரைட் சகோதரர்கள் வானில் பறந்தது 1903இல். எட்டே ஆண்டுகளில் அது சிறுவர் சட்டைக்கு வந்துவிட்டது. தேனீயையும் விமானத்தையும் ஒரே பட்டியலில் வைத்தவர்களுக்கு அவ்விரண்டும் பகையாகத் தோன்றவில்லை. தன் காலத்து உலகம் எப்படி இயங்குகிறது என்பதைக் கையால் தொட்டு அறிவதே சாரணக் கல்வி என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

நம் ஆனைமலைத் தொடரே இதற்கு நல்ல சான்று. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானை நடமாட்டத்தை மக்களுக்கு முன்கூட்டி அறிவிக்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். 2011 முதல் கைபேசிக் குறுஞ்செய்திகள் போயின. முக்கியமான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்குகளை மாட்டினார்கள். பக்கத்தில் யானை நின்றால், பொறுப்பேற்ற ஊர்க்காரர் தம் கைபேசியிலிருந்து அழைக்க, விளக்கு மின்னத் தொடங்கும். தூரத்தில் வருகிறவர் அதைக் கண்டு நின்றுகொள்வார். இப்பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. மதுக்கரை வனச்சரகத்தில் 2024 பிப்ரவரி முதல் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் கேமராக்கள் யானையைக் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. இவ்விரண்டிலும் காட்டையும் யானையின் தடத்தையும் அறிந்தவரின் அறிவும், மின்சுற்றை அறிந்தவரின் அறிவும் கைகோத்திருக்கின்றன. ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்பட்டிராது.

ரோபாட் என்றால் என்ன?

ரோபாட் என்றதும் நமக்கு இரண்டு கால், இரண்டு கை, மின்னும் கண்ணுள்ள இரும்பு மனிதன்தான் நினைவுக்கு வருகிறான். சினிமா தந்த நினைப்பு அது. உண்மையில் ரோபாட்டுக்கு வேண்டியவை மூன்றே: சூழ்நிலையை உணரும் புலன், உணர்ந்ததைக் கொண்டு முடிவெடுக்கும் சிறு மூளை, முடிவை நிறைவேற்றும் கை. இம்மூன்றும் கூடினால் அது பெட்டி வடிவில் இருந்தாலும் ரோபாட்டின் இனந்தான்.

நம் தோட்டத்துக் கிணற்றடியில் மோட்டாரைத் தானே இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள். மூன்று பேஸ் மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடுகிறது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் காயில் கருகாமல் தானே நின்றுவிடுகிறது. உணர்தல், முடிவெடுத்தல், செய்தல் ஆகிய மூன்றும் அதில் எளிய வடிவில் அடங்கியிருக்கின்றன. நடு இரவில் கரண்ட் வரும்போது டார்ச் விளக்கோடு தோட்டத்துக்குப் போன பெரியவர்களைக் கேட்டால் அப்பெட்டியின் அருமையைச் சொல்வார்கள்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. கொப்பரைக் களத்தில் உடைத்துக் காயவைத்த தேங்காய்ப் பருப்பின் மேல் திடீர் மழை விழுந்தால் என்ன ஆகும்? பூசணம் பிடித்து விலை போய்விடும். மேகம் கறுத்தால் களத்திலுள்ள பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவதை ஆனைமலையில் பிறந்த யாரும் கண்டிருப்பர். மழைத்துளி பட்டால் மின்சாரம் பாயும் ஒரு சிறு தகடு; அதைக் கவனிக்கும் கையளவு மின்பலகை; தார்ப்பாயை இழுக்க, பழைய லாரியிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஆசிரியர் துணையோடு ஒரு மாதம் முயன்றால் இதன் சிறிய மாதிரி ஒன்றைச் செய்துவிடலாம். முதலில் தார்ப்பாய் பாதியில் சிக்கும். பனித்துளிக்கும் மணி அடிக்கும். ஏன் அப்படி நடந்தது என்று தேடித் திருத்துவதிலேதான் பாடம் இருக்கிறது.

சேவைக்கே எந்திரம்

ரோபாட் என்ற சொல்லின் பிறப்பையும் நாம் அறிய வேண்டும். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில்தான் அச்சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. 'ரோபோட்டா' என்றால் அம்மொழியில் கட்டாய உழைப்பு. நம் பாட்டன்மார் பார்த்த வெட்டி வேலை போன்றது. மனிதனைக் கட்டாயப்படுத்திச் செய்வித்த வேலையை எந்திரத்தின் தலையில் வைப்பதே ரோபாட்டின் முதல் நியாயம்.

அந்த நியாயத்தை நிறைவேற்றியவர்கள் நம் அண்டை மாநிலத்து இளைஞர்கள். 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத் என்பவரும் மூச்சுத் திணறி மாண்டனர். கேரளப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உடன் படித்த நண்பர்கள் குழிக்குள் இறங்கும் எந்திரத்தை உருவாக்க முனைந்தார்கள். 'பேண்டிகூட்' என்னும் பெயருடைய அது 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. பின்னர் கோவை மாநகராட்சியும் அதை வாங்கியது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளச் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தும் சாவுகள் நிற்காத நாட்டில், இந்த எந்திரத்தை வெறும் வேடிக்கைப் பொருள் என்று யார் சொல்ல முடியும்?

நாளுக்கு ஒரு நற்செயலேனும் செய்ய வேண்டும் என்பது சாரணர் பழகும் நெறி. இந்நெறியோடு கலந்து கற்றால்தான் எந்திரக் கலைக்கு மனிதத் தன்மை வரும். இன்று நகரங்களில் நடக்கும் ரோபோட்டிக்ஸ் வகுப்புகளில் பெரும்பாலும் பிள்ளைகள் கோப்பைக்காக எந்திரம் செய்கிறார்கள். கறுப்புக் கோட்டின் மேல் வண்டி ஓடுகிறது. முதலில் வந்த வண்டிக்குப் பரிசு. அது தவறில்லை. ஆனால் அந்த வண்டி ஓடி முடித்ததும் யாருக்கு என்ன பயன்? சாரணர் படையில் கேள்வியே வேறாக இருக்கும். "நம் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம்? அதைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்று தொடங்கும்.

கூலிக்காரனின் அச்சம்

இங்கே ஒரு கசப்பான கேள்வியைத் தவிர்க்க முடியாது. எந்திரம் வந்தால் வேலை போகாதா?

என் தந்தையார் தேங்காய் உரிப்பவர். நட்டுவைத்த கூரிய கம்பியில் குத்தி மட்டையைக் கழற்றுவார். காய்க் கணக்கில் கூலி. உரிக்கும் எந்திரம் களத்துக்கு வந்தால் முதலில் குறைவது அவருடைய கூலியே என்பதை நான் அறிவேன். எனவே எந்திரத்தைப் புகழ்ந்து கைதட்டிவிட்டுப் போக என்னால் இயலாது.

ஆனால் எந்திரம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் அப்பச்சன் என்று அழைக்கப்படும் ஜோசப், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், காலால் மிதித்துத் தென்னை ஏறும் கருவியை உருவாக்கினார்; அது பல நாடுகளுக்கும் பரவியது. அம்ரிதா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'அமரன்' என்ற தென்னை ஏறும் ரோபாட்டை உருவாக்கி 2020இல் தம் ஆய்வை வெளியிட்டார்கள். பழகிய மரமேறியின் வேகம் அதற்கு இன்னும் கைவரவில்லை; ஆயினும் ஒருநாள் வரக்கூடும்.

அந்த நாளில் ஊரில் இரண்டு வகை மக்கள் இருப்பார்கள்: எந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர், எந்திரத்தால் வேலை இழந்தவர். முதல் வகையார் எல்லாரும் நகரத்துப் பிள்ளைகளாகவும், இரண்டாம் வகையார் எல்லாரும் நம் வீட்டாராகவும் இருந்துவிடக் கூடாது. ஒரு சின்னம் என் தந்தையாரின் கூலியை மீட்டுத் தராது; அதற்குச் சங்கமும் சட்டமும் அரசும் வேண்டும். ஆனால் களத்துக்கு வரும் எந்திரத்தைப் பழுது பார்க்கிற கை உள்ளூர்க் கையாக இருக்கவும், முதுகை முறிக்கும் வேலை எது, மனிதனிடமே இருக்க வேண்டிய வேலை எது என்று ஊரார் பேசும்போது விவரம் தெரிந்து பேசவும் அது ஒரு தொடக்கமாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மின்சுற்று அமைக்கும் பிரெட்போர்டை என் கை முதன்முதலில் தொட்டது நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில், பத்தொன்பதாம் வயதில். கோவையில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளை அதைப் பத்து வயதில் தொட்டுவிடுகிறது. அந்த ஒன்பது ஆண்டு இடைவெளியில் அறிவு வேறுபாடு எதுவும் இல்லை. வாய்ப்பு வேறுபாடு மட்டுமே இருக்கிறது. இடைவெளியைக் குறைக்கச் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி கிடைத்தது. 2022 நவம்பரில் தமிழக அரசு பள்ளிகளுக்கு வானவில் மன்றத்தைத் தொடங்கியது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸ் சேர்க்கப்பட்டது; பள்ளிகளுக்கு 29,000 கருவித் தொகுப்புகள் தரப்பட்டன. ஆனைமலையிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச் சாவடி எவ்வளவு தூரம்? அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டாமா?

சின்னம் எப்படி அமைய வேண்டும்?

அமெரிக்கச் சின்னத்துக்கான விதிகளில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை இருக்கின்றன. முதலில் பாதுகாப்பு முறைகளைக் கற்க வேண்டும். பிறகு ஒரு வேலையைத் தேர்ந்து அதற்கேற்ற ரோபாட்டைத் தாளில் வரைந்து, கட்டி, கட்டளை எழுதி, இயக்கிக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். இன்னும் எப்படிச் சிறப்பாகச் செய்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இவை நல்ல விதிகள். நம் மண்ணுக்கேற்ப நான்கு விதிகளை இவற்றோடு சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

முதலாவது, எடுத்துக்கொள்ளும் வேலை சொந்த ஊரின் தேவையாக இருக்க வேண்டும். பள்ளித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதை அறிவிக்கும் மணி, சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோட்டத்துக்கு மண் காய்ந்தால் நீர் பாய்ச்சும் குழாய், களத்து மழை மணி போன்றவை போதும்.

இரண்டாவது, கடையில் விற்கும் கருவித் தொகுப்பை வாங்கிப் பூட்டுவதற்குச் சின்னம் தரக் கூடாது. மின்பலகை ஒன்றை மட்டும் படைக்குப் பொதுவாகப் பள்ளி வாங்கித் தரட்டும். மற்றவை பழைய இரும்புக் கடையிலும், கெட்டுப்போன மிக்ஸியிலும், உடைந்த பொம்மைக் காரிலும் கிடைக்கும். அவற்றைக் கழற்றுவதே பாதிப் படிப்பு. நம் கோவை தந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பால் மேதையானவரல்லர். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றவர் அவர். 1937இல் பாலசுந்தரம் அவர்களோடு இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்ததும் அந்தக் கழற்றும் கைதான்.

மூன்றாவது, தேர்வாளர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியரோடு, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவரும் அமரட்டும். "இந்த ஒயர் ஏன் சூடாகிறது?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி பத்துப் பக்க வினாத்தாளுக்குச் சமம். நம் ஊர்த் தொழிலாளியின் அறிவும் அறிவே என்பதைப் பிள்ளைகள் அன்று உணர்வார்கள்.

நான்காவது, குறிப்பேடும் விளக்கமும் தமிழில் இருக்கலாம் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஆங்கிலம் தெரியாததால் ஒரு பிள்ளை பின்வாங்கினால், தோற்பது பிள்ளையன்று, சின்னமே.

இதற்கெல்லாம் பயிற்சி தர ஆள் எங்கே என்று கேட்கலாம். பள்ளியில் சாரணப் பொறுப்பாசிரியர் ஒருவர் கணக்கும் எடுத்துக்கொண்டு, சத்துணவுக் கணக்கும் பார்த்துக்கொண்டு, அணிவகுப்பும் நடத்துகிறார். அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது முறையாகாது. அந்த இடத்தில் நாம் நிற்கலாம். கல்லூரி மாணவர்களுக்கென்றே சாரணர் இயக்கத்தில் ரோவர், ரேஞ்சர் பிரிவுகள் இருக்கின்றன; நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கிறது. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் படிக்கும் நாம் இருவர் இருவராகப் பிரிந்து, சனிக்கிழமை ஒரு பள்ளிக்குச் சென்று இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஓராண்டில் பத்துப் பள்ளிகளுக்காவது இக்கலை சென்று சேரும். நம் ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய மீட்டர்களையும் மின்மாற்றிகளையும் கழற்றிப் படிக்கக் கொடுக்க நம் பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் தொடக்கச் செலவும் குறையும்.

சின்னத்தை அறிவிப்பது இயக்கத்தின் தலைமை செய்ய வேண்டிய வேலை. அதற்கான கோரிக்கையை நம் கல்லூரியின் பெயரால் மாவட்டச் சாரண ஆணையருக்கு எழுதலாம். ஆனால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பருவம் தொடங்கும்போது முதல் பள்ளியாக ஆனைமலைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வர விரும்பும் நண்பர்கள் இயற்பியல் துறை அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதுங்கள். என் பெயரை முதலாவதாக எழுதிவிட்டேன்.